தோற்ற அன்றைக்கும் பாட்டு உண்டு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே யாராவது ஒரு சனிக்கிழமை ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆட்ட விதிகளைச் சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். ஆட்டம் முடிந்தபின் வரும் ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் ஒரு கூட்டம் வாசலை நோக்கி நகரும். இன்னொரு கூட்டம் அப்படியே நின்று, பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டு, மெதுவான ஒரு பாட்டைப் பாடும். சொந்த அணி தோற்றிருந்தாலும் பாடும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்று தடுமாறாமல் பாடுவதற்கான வழி இது. கடைசிப் பகுதி, மாணவர் மன்றத்திலோ பேண்டிலோ பொறுப்பில் இருப்பவர்களுக்கு.

முதல் படி: எந்தப் பாட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு பாட்டாவது இருக்கும். ஃபைட் சாங் துள்ளலான மார்ச் மெட்டு. டச்டவுன் (பந்தை எதிரணியின் முனைக்குக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) விழுந்ததும் பேண்ட் வாசிப்பது அதைத்தான், கைதட்டலாம், கத்தலாம். ஆல்மா மேட்டர், அதாவது பல்கலைக்கழகத்தின் வாழ்த்துப் பாட்டு, மெதுவானது. எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடுவது. தோற்ற பிறகு பாடுவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மிஷிகனின் 'தி விக்டர்ஸ்' 1898-ல் சிகாகோவை 12-11 என்று வென்ற உற்சாகத்தில் லூயி எல்பல் இயற்றியது. ஆட்டத்தில் வென்றால்தான் வீரர்கள் அதை உடைமாற்றும் அறையில் பாடுவார்கள். அங்கே ஆல்மா மேட்டர் 'தி யெல்லோ அண்ட் புளூ' என்ற வேறு பாட்டு. வெஸ்ட் வர்ஜீனியாவில் சொந்த மைதானத்தில் வென்றால் வீரர்களும் ரசிகர்களும் சேர்ந்து 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடுவார்கள். தோற்ற அன்று அதைத் தொடங்கினால் சுற்றியிருப்பவர்கள் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆகவே ஆட்டத்துக்கு முந்தைய நாளே ஒரு சீனியரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: முடிவில் என்ன பாட்டு? எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? தோற்றாலும் உண்டா?

இரண்டாம் படி: ஒரே ஒரு பத்தியை மனப்பாடம் செய்யுங்கள்

இணையத்தில் தேடினால் மூன்று நான்கு பத்திகள் வரும், பயப்பட வேண்டாம். மைதானத்தில் பெரும்பாலும் முதல் பத்தி மட்டும்தான். பல்கலைக்கழக மார்ச்சிங் பேண்டின் சொந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள். பாடகர் குழுவின் பதிவுகளில் வேகமும் சுருதியும் மாறியிருக்கும், அதை வைத்துப் பழகினால் மைதானத்தில் உதைக்கும்.

நோட்டர் டேமின் 'நோட்டர் டேம், அவர் மதர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிகச் சிறிய பாட்டு. கடைசி வரி இரண்டு முறை வரும், ஒரே ஒரு சொல்தான் மாறும்: முதல் முறை 'பிரெய்ஸ்', இரண்டாம் முறை 'லவ்'. புதியவர்கள் இரண்டு முறையும் 'பிரெய்ஸ்' என்றே பாடிவிடுவார்கள். பாட்டு உச்சத்துக்குப் போவதே அந்த மாற்றத்தில்தான் என்பதால் தவறு பளிச்சென்று கேட்கும். கடைசி இரண்டு வரியை மட்டும் தனியாகப் பத்து முறை பாடிப் பாருங்கள்.

இளநிலையை ஒரு பல்கலைக்கழகத்திலும் முதுநிலையை இன்னொன்றிலும் படிப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. கார்னெலின் ஆல்மா மேட்டர் 'ஆனி லைல்' என்ற 1857-ஆம் ஆண்டுப் பாட்டின் மெட்டில் அமைந்தது. அதே மெட்டை அலபாமா, கன்சாஸ், வாண்டர்பில்ட், சிரக்யூஸ் உள்ளிட்ட பல இடங்களிலும் எடுத்துக்கொண்டார்கள். மெட்டு முன்பே தெரிந்திருப்பது வசதி, ஆனால் பழைய பல்கலைக்கழகத்தின் சொற்கள் தானாக வாயில் வந்துவிடும். புதிய சொற்களைக் கையால் ஒருமுறை எழுதிப் பழகினால் இது நீங்கும்.

பழைய பதிவுகளை நம்பும்போது ஆண்டையும் பாருங்கள். சொற்கள் மாறியிருக்கலாம். பிரின்ஸ்டனின் 'ஓல்ட் நசாவ்' 1987-ல் மாற்றப்பட்டது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் ஆல்மா மேட்டரில் மகன்களை மட்டும் குறித்த சொல் 2008-ல் எல்லோரையும் குறிக்கும்படி மாறியது.

மூன்றாம் படி: கைக்கு என்ன வேலை?

ஒஹையோ ஸ்டேட்டில் 'கார்மன் ஒஹையோ' பாடும்போது தோளில் கைபோட்டு ஆடி, முடிவில் ஓ-ஹெச்-ஐ-ஓ எழுத்துகளைக் கைகளால் காட்டுவார்கள். விஸ்கான்சினில் 'வார்சிட்டி' முடியும்போது வலது கையை உயர்த்தி இரு பக்கமும் வீச வேண்டும். யேல் பாட்டின் கடைசி வரிக்கு வெள்ளைக் கைக்குட்டை, அதனால் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். டெக்சஸில் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, கொம்பு போல வலது கையை உயர்த்துவார்கள். 1955-லிருந்து இருக்கும் சைகை அது.

ஆடும்போது எந்தப் பக்கம் முதலில் சாய்வது என்பதில்தான் வரிசை குலையும். நீங்களாக ஊகிக்காதீர்கள். முதல் இரண்டு தாளத்துக்கு உடம்பைத் தளர்வாக விட்டுவிட்டால் இரு பக்கத்து ஆட்களும் உங்களை இழுத்துக்கொள்வார்கள்.

நான்காம் படி: கடிகாரம் நின்றதும்

இடத்தை விட்டு நகராதீர்கள். இது கேட்க எளிது, செய்யக் கடினம். நான்கு கால்பகுதி, இடைவேளை, விளம்பர நிறுத்தம் எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அணியும் தோற்றிருக்கும், கால் வாசலுக்கு இழுக்கும். ஆனால் பாட்டு வருவதற்கு முன்னால் வீரர்கள் நடு மைதானத்தில் எதிரணியுடன் கைகுலுக்க வேண்டும், பிறகு பேண்ட் இருக்கும் பக்கம் வந்து சேர வேண்டும். அந்தச் சில நிமிடத்தில்தான் பாதிப் பேர் கலைகிறார்கள். வீரர்கள் வந்து நிற்கும்போது எதிரே காலி இருக்கைகள் இருந்தால், தோற்ற களைப்போடு அங்கே வந்தவர்களுக்கு அது இரண்டாவது அடி. நீங்கள் ஒருவர் நிற்பதும் கணக்கில் சேரும்.

கண்ணை, பேண்டைக் கையசைவால் வழிநடத்தும் டிரம் மேஜர் மீது வையுங்கள். காதை மட்டும் நம்பினால் பின்தங்குவீர்கள். இரு முனைகளிலும் இருக்கும் எண்ட் சோன் பகுதிகளையும் சேர்த்து மைதானத்தின் நீளம் 120 யார்டு, சுமார் 110 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு பேண்டின் ஒலி மூன்றில் ஒரு நொடி தாமதமாக வரும். நிமிடத்துக்கு 80 தாளம் போகும் மெதுவான பாட்டில் அது ஏறக்குறைய அரைத் தாளம். நீங்கள் கேட்டுப் பாடியது திரும்ப பேண்டுக்குப் போக இன்னொரு மூன்றில் ஒரு நொடி. இப்படித்தான் கூட்டம் பாட்டை இழுத்து இழுத்து மெதுவாக்கிவிடுகிறது. தூரத்தில் இருந்தால் கையசைவைப் பார்த்துப் பாடுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் குரலைக் குறைத்து, பக்கத்து வரிசையோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

ஒஹையோ ஸ்டேட்டில் 2001-ல் ஜிம் டிரெஸல் தலைமைப் பயிற்சியாளரானபோது, ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் தெற்கு எண்ட் சோனில் பேண்டின் முன் வந்து நின்று பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கே போகிறவர்கள் தெற்குப் பக்கம் பார்த்து நிற்கத் தயாராக இருங்கள். விஸ்கான்சினில் வேறு மாதிரி. வென்றாலும் தோற்றாலும் 'ஐந்தாவது கால்பகுதி' என்று பேண்ட் மைதானத்தில் இறங்கி ஒரு தனிக் கச்சேரியே நடத்தும். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் தோற்றால் மாணவர்கள் இருக்கைகளிலேயே இருந்து, அடுத்த ஆட்டத்துக்கான முழக்கங்களை அப்போதே கொஞ்ச நேரம் பழகிவிட்டுத்தான் கலைவார்கள்.

ஐந்தாம் படி: ஆர்மி–நேவி ஆட்டம், தோற்றவர் முதலில்

தோல்விக்குப் பின் பாடுவது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே ஆட்டத்தில் கற்க விரும்பினால், டிசம்பரில் வரும் ஆர்மி–நேவி ஆட்டத்தைக் கடைசி விசில் வரை பாருங்கள், அதற்குப் பிறகும் டி.வி.யை அணைக்காதீர்கள். ஆர்மி என்பது வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் அணி, நேவி என்பது கடற்படை அகாடமியின் அணி. 1890-ல் தொடங்கிய மோதல் இது. முதல் ஆட்டத்தில் நேவி 24-0 என்று வென்றது.

வரிசை இது. கைகுலுக்கியதும் இரண்டு அணியும் சேர்ந்து தோற்ற அணியின் மாணவர்கள் இருக்கும் பக்கம் போகும். தோற்ற அணி தன் மாணவர்களைப் பார்த்து விறைப்பாக நிற்கும். வென்றவர்களும் கூடவே மரியாதையாக நிற்பார்கள். தோற்றவர்களின் ஆல்மா மேட்டர் முழுவதும் பாடி முடியும். பிறகு இரண்டு அணியும் மைதானத்தைக் கடந்து மறுபக்கம் போய் வென்றவர்களின் பாட்டுக்கு நிற்கும். நேவியின் பாட்டு 'நேவி புளூ அண்ட் கோல்ட்'. ஆர்மியின் பாட்டு 'ஆல்மா மேட்டர்' என்றே அழைக்கப்படுவது, 1908-ல் பால் ரைனெக்கி என்ற கேடட் (ராணுவ அகாடமி மாணவர்) எழுதியது. இரண்டாவதாகப் பாட வேண்டும் என்பதே இரு அகாடமியிலும் ஆண்டு முழுக்க ஒலிக்கும் பேச்சு. 'சிங் செகண்ட்' என்றால் வெற்றி என்று பொருள்.

2002 முதல் 2015 வரை நேவி தொடர்ந்து 14 முறை வென்றது. அதாவது நான்காண்டுப் படிப்பு முழுவதையும் முடித்து, ஒருமுறைகூட இரண்டாவதாகப் பாடாமலே வெஸ்ட் பாயிண்டை விட்டுப் போன கேடட்கள் பல வகுப்பு. ஒவ்வொரு டிசம்பரிலும் அவர்கள் முதலில் நின்று பாடினார்கள், ஒரு வரியும் குறையாமல். 2016-ல் பால்டிமோரில் 21-17 என்று ஆர்மி வென்ற அன்று வரிசை மாறியது. இந்த 14 ஆண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். அதைவிடப் பெரிய பாடம் இந்த விஷயத்தில் எங்களுக்குத் தெரியாது.

பார்வையாளராக உங்கள் கடமை சிறியது: இரண்டு பாட்டுக்கும் நில்லுங்கள், முதல் பாட்டு முடிந்ததும் கூச்சல் போடாதீர்கள். நேவி மற்ற அணிகளோடு ஆடும்போதும் இதைக் காணலாம். நோட்டர் டேமுடன் ஆடினால் இரு அணியும் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் நிற்பது வழக்கம்.

ஆறாம் படி: யாராவது பாடவில்லை என்றால்

விட்டுவிடுங்கள். டெக்சஸின் 'தி ஐஸ் ஆஃப் டெக்சஸ்' 1903-ல் முதலில் ஒலித்தது, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்யும் வகையைச் சேர்ந்த ஒரு மேடை நிகழ்ச்சியில். 2020-ல் வீரர்கள் பலர் இதை வெளிப்படையாகச் சொல்லிப் பாட்டை மாற்றக் கேட்டார்கள். அந்த அக்டோபரில் ஓக்லஹோமாவிடம் நான்கு கூடுதல் நேரத்துக்குப் பின் 45-53 என்று தோற்றபோது, பாட்டு ஒலிக்கையில் டெக்சஸின் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) சாம் எலிங்கர் ஏறக்குறைய தனியாக மைதானத்தில் நின்ற படம் நாடு முழுக்கப் பரவியது. பாட்டு இன்றும் இருக்கிறது. நின்றவருக்கும் போனவர்களுக்கும் காரணம் இருந்தது. பக்கத்தில் ஒருவர் மௌனமாக இருந்தால் முழங்கையால் இடிப்பதோ படம் எடுப்பதோ கூடாது.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு: முடிவை ஆகஸ்டிலேயே எடுங்கள்

2013 செப்டம்பர் 28 அன்று நோட்டர் டேம் சொந்த மைதானத்தில் ஓக்லஹோமாவிடம் 21-35 என்று தோற்றது. வீரர்கள் பாட்டுக்கு நிற்காமல் உள்ளே போனார்கள். சொந்த மைதானத்தில் தோற்றால் அணி பாடுவதில்லை என்ற முடிவு முன்பே இருந்ததாக அப்போதுதான் மாணவர்களுக்குத் தெரிந்தது, பெரிய விவாதம் எழுந்தது. தோற்ற வேதனையில் இருப்பவர்களைக் கூட்டத்தின் முன் நிறுத்த வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் ஆல்மா மேட்டர் வெற்றிப் பாட்டு அல்ல. தோற்றால் பாடுவோமா என்ற கேள்விக்குத் தோற்ற பிறகு விடை தேடினால் எந்த விடையும் காயப்படுத்தும். சீசன் தொடங்கும் முன்பே பயிற்சியாளர், கேப்டன்கள், பேண்ட் இயக்குநர், மாணவர் மன்றம் உட்கார்ந்து பேசி, எல்லோருக்கும் தெரியும்படி அறிவியுங்கள்.

நடைமுறைக்கு: பேண்டுக்கு முன்னால் 10 யார்டு தள்ளி இடம் குறியுங்கள். ஒரு பத்தி போதும், இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பயிற்சி முகாமிலேயே முதலாண்டு வீரர்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் வாயசைப்பது பெரிய திரையில் தெரியும். கைகுலுக்கல் முடிந்ததும் இரண்டு சீனியர் வீரர்கள் சுரங்க வழியின் வாயில் நின்று மற்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஒரு ஏற்பாடு இல்லாததால்தான் பாதி அணி காணாமல் போகிறது. அறிவிப்பாளருக்கு இரண்டே வரி எழுதிக் கொடுங்கள், அதில் ஸ்கோர் வேண்டாம்.

வெளியூரில் தோற்றால் முழு பேண்ட் வந்திருக்காது. சிறு குழு ஒன்று மூலையில் இருக்கும். உள்ளூர் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டால் அணியை நடுவில் நிறுத்தாதீர்கள். அபராதம் இருந்தும் பாய்வது நிற்கவில்லை, தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழக அணிகளின் எஸ்.இ.சி. கூட்டமைப்பில் 2025 முதல் ஒவ்வொரு தடவைக்கும் 5 லட்சம் டாலர். ஆகவே உங்கள் ரசிகர்கள் இருக்கும் மூலையின் சுவரோரம் வீரர்களை நேராகக் கொண்டுபோய், பேண்ட் இல்லாவிட்டால் கேப்டன் ஒருவர் முதல் வரியை எடுத்துக்கொடுக்கட்டும். சுருதியைச் சற்றுத் தாழ்வாகவே தொடங்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் கத்திய தொண்டைகளுக்கு மேல் ஸ்தாயி எட்டாது.