பேய்ப்படம் பார்க்கும்போது யார் செத்தார்கள் என்று கேளுங்கள்

பேய் என்பது ஒரு நாட்டின் ஆறாத காயம் என்று ஒரு வரி எழுதி விமர்சனத்தை முடித்துவிடுகிறோம். எந்தக் காயம், செத்தது யார், கொன்றது யார் என்று கேட்பதே இல்லை. இதுதான் முதல் தவறு, என்னை அதிகம் வருத்துவதும் இதுதான்.

குவாத்தமாலாவில் இருந்து 2019இல் வந்த 'லா யோரோனா'வைப் பாருங்கள். பழைய நாட்டுப்புறக் கதையில் யோரோனா தன் பிள்ளைகளைத் தானே ஆற்றில் அமுக்கிக் கொன்றுவிட்டு அழுதபடி அலைகிறவள். படத்தில் பிள்ளைகளைக் கொல்வது ராணுவம். பழைய கதையையே மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பழி மறுபடியும் தாயின் தலையில்தான் விழும். அப்புறம், வயதான ஜெனரலின் தண்டனை ரத்தாகும் காட்சியைக் கதைக்காகச் சேர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். இஷில் மாயா என்ற பழங்குடியினர் 1771 பேர் கொல்லப்பட்ட வழக்கில், குவாத்தமாலாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோன்ட்டுக்கு 2013 மே 10 அன்று 80 ஆண்டு சிறை விதித்தார்கள், பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நீதிமன்றம் கைவிட்ட அந்த வழக்கைத்தான் புதிதாக வேலைக்கு வரும் மாயா பெண் ஜெனரலின் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

இன்னொன்று, பேய் என்றால் பலியானவர், வில்லன் என்றால் எதிரிப் படை என்று கோடு போட்டுப் பொருத்துவது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில் நடக்கும் 'டெவில்ஸ் பேக்போன்' (2001) படத்தில் அநாதை இல்லத்து முற்றத்தில் வெடிக்காத குண்டு ஒன்று செங்குத்தாக நிற்கிறது, ஆனால் சிறுவனைக் கொன்று தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டவன் கிளர்ச்சிப் படைத் தலைவர் பிராங்கோவின் சிப்பாய் இல்லை, அதே இல்லத்தில் வளர்ந்தவன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொன்ற போர் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியுமா?

எல்லாப் பேய்ப்படத்திலும் வரலாற்றைத் திணிக்கவும் வேண்டாம். சில பேய்கள் பயமுறுத்த மட்டுமே வருகின்றன, அதுவும் சரிதான்.

கடைசியாக, இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைப்பது. ஸ்பெயினில் 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்து பழைய கொலைகளின் மேல் மூடி போட்டது. 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட 13 பேரின் எலும்புகளை ஒரு சாலையோரக் குழியில் இருந்து தோண்டி எடுத்தது 2000ஆம் ஆண்டில். 'டெவில்ஸ் பேக்போன்' திரைக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம்.