குட்டிக்குப் பேதி என்றால் மீன் தலை மீதே பழியா?

வட சென்னையின் காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பக்கம் குட்டி நாய்க்குக் கழிச்சல் கண்டால் குற்றவாளி யார் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது: நேற்று தின்ற மீன் தலை. சில நேரம் அது உண்மைதான். ஆனால் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையிலான குட்டி சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, சுருண்டு படுத்தால் முதலில் நினைக்க வேண்டியது பார்வோ வைரஸை. ரத்தம் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல் பெரும்பாலும் பிறகுதான் வரும். சில குட்டிகளுக்கு வராமலே போகும்.

1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ், குடலின் உள்சுவரைப் புதுப்பிக்கும் செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. குடல் அரிக்கப்பட்டு, வெள்ளணுக்களும் குறைந்துபோன நேரத்தில் குடல் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் நுழைகின்றன. அந்த நிலையில் பேதியை நிறுத்த மனிதருக்குத் தரும் மாத்திரையைக் கொடுத்துக் குடலின் அசைவை நிறுத்துவது, நஞ்சை உள்ளே பூட்டி வைக்கும் வேலை. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். தேவை நரம்பு வழியாக ஏற்றும் திரவமும் வாந்தியை அடக்கும் ஊசியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனையும் வட சென்னைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. முதல் நாளே போனால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

"ஊசி போட்டாயிற்றே" என்பது அடுத்த சமாதானம். விசாரித்தால் அது வெறிநோய்த் தடுப்பூசியாக இருக்கும். பார்வோவுக்கு அதனால் பயனில்லை. சரியான ஊசியே என்றாலும் ஒன்று போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டாவது வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் தாண்டும்வரை போடச் சொல்கிறார்கள். அதுவரை தெரு நாய்கள் கழியும் இடத்தில் குட்டியை இறக்கிவிட வேண்டாம். செருப்பிலும் வைரஸ் வரும். குடியிருப்பின் பொதுப் படிக்கட்டில் அது யார் செருப்பு என்று யார் பார்ப்பது?

வீட்டைக் கழுவுவதில் பினாயிலை நம்புவது நம் பழக்கம். வாசம் போகும், பார்வோ போகாது. மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் உயிர்ப்போடு கிடக்கும். முதலில் அழுக்கைச் சோப்பு போட்டு நீக்கிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். கழிவறை ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். அதே வீட்டுக்கு அடுத்த குட்டி வேண்டுமென்றால், ஊசிகளை முழுமையாக முடித்த குட்டியாகப் பாருங்கள்.

எல்லாக் கழிச்சலும் பார்வோ அல்ல. நாய்க் கொரோனா வைரஸும் ரோட்டா வைரஸும் பெரும்பாலும் லேசாகக் கடந்துபோகும். கண்ணில் பீளை, மூக்கொழுகல், பிறகு வலிப்பு என்று வந்தால் டிஸ்டெம்பர் என்ற வேறொரு வைரஸ் நோயாக இருக்கலாம். பார்த்தே பெயர் சொல்ல முயலாதீர்கள். மலத்தைச் சோதிக்கும் கிட் சில நிமிடங்களில் பார்வோவைக் காட்டிவிடும்.

நாயின் பார்வோ மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அதே மலத்தில் குடற்புழு முட்டைகள் இருக்கலாம், அவை குழந்தைகளுக்கு வரும். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.