உவர் நிலத்தில் கோதுமை: பயிரின் இயல்பறிந்து சாகுபடி செய்யும் முறை

விதைப்பதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துவிட வேண்டும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே அது உவர் நிலம்; ஆயினும் கோதுமையின் விளைச்சல் பொதுவாக 6-ஐக் கடந்த பிறகே சரியத் தொடங்குகிறது.

ரொட்டிக் கோதுமையின் வேர், உப்பிலுள்ள சோடியத்தின் பெரும்பகுதியை உள்ளே தங்கவிடாமல் வெளியே தள்ளுகிறது. தப்பி ஏறுவதையும் வேரின் சாற்றுக்குழல்களிலிருந்து ஒரு கடத்துப் புரதம் திரும்ப இழுத்துக்கொள்வதால், இளம் இலைகளில் பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருக்கும். அதையும் மீறி வரும் உப்பு முதிய இலைகளில் தேங்குகிறது. எனவே அடியிலைகளின் நுனி மட்டும் கருகினால் பதற வேண்டியதில்லை. புதிய இலையும் கருகும்போதுதான் கவலைப்பட வேண்டும். ரவைக்குரிய டூரம் கோதுமைக்கு இந்தத் திறன் குறைவு.

என் கணிப்பில் ரகத் தேர்வே பாதி வேலை. உவரைத் தாங்கும் ரகங்களில் ராஜஸ்தானின் கார்ச்சியா 65 பழையது. கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்நிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.ஆர்.எல். 210, கே.ஆர்.எல். 213 ஆகியவை பின்னர் வந்தவை.

உவர் நிலத்தில் முளைப்பும் தூர்கட்டுதலும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிப்பதும்) குறையும் என்பதால் விதையளவைக் கால் பங்கு கூட்டலாம். விதைப்புக்கு முன் நல்ல நீரைத் தேக்கி உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும்; வடிகால் இல்லாத வயலில் இது பயன் தராது. சோடியம் மிகுந்து இறுகிய களர் நிலமாயின், முதலில் ஜிப்சம் இட்டு, அதன்பின் நீர் தேக்க வேண்டும்.