பேஸ்பால்ல தூக்கி அடிக்கிறதுக்கு முன்னாடி பந்த பேட்ல பட வைக்கிறது எப்படி

ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு வத்திப்போன கம்மாக்குள்ள எங்க பயலுக பேட்டத் தூக்குனா மொத பத்து பந்து எப்படி இருக்கும்னு பாக்காமலே சொல்லிருவேன், ஒவ்வொருத்தனும் முழு பலத்தையும் போட்டு சுத்துவான், ஆறு பந்து பேட்லயே படாது, ரெண்டு பின்னாடி ஃபவுலா, அதாவது கோட்டுக்கு வெளிய, போகும், ஒன்னு வானத்துக்குப் போயி சும்மா நிக்கிறவன் கைல விழும், ஒன்னே ஒன்னு கருவமுள்ளுக்குள்ள போயிரும், அத எடுக்க மூணு பேரு கால் மணி நேரம் தேடணும். டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடி வளந்த கை, அப்படித்தான் வரும். ஆனா பேஸ்பால் ஆட வந்துட்டா மொதல்ல கத்துக்க வேண்டியது பந்த பட வைக்கிறது, தூரம் அப்புறம் பாத்துக்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துல சாஃப்ட்பால் பேஸ்பால் ஆடுற தம்பி தங்கச்சிகளுக்கும் சொல்லிக்குடுக்குற அண்ணன் அக்காமாருக்கும் சேத்துத்தான் இத எழுதுறேன்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, டிவிலயும் ஃபோன்லயும் நம்ம பிள்ளைக பாக்குறது பூரா அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்ல வேலியத் தாண்டி அடிக்கிற ஹோம் ரன் வீடியோதான். அங்க நிலம என்னன்னா, 2018ல மொத தடவையா ஒரு சீசன் முழுக்க விழுந்த ஹிட்ட (அடிச்சுட்டு ஓடி பேஸ் சேர்றது) விட ஸ்ட்ரைக்அவுட் அதிகமாயிருச்சு. சுத்தி மிஸ் பண்ணுனாலோ அடிக்க வேண்டிய பந்த விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், மூணு விழுந்தா ஸ்ட்ரைக்அவுட். மார்க் ரெனால்ட்ஸ்னு ஒருத்தர் 2009ல ஒரே சீசன்ல 44 ஹோம் ரன் அடிச்சாரு, அதே சீசன்ல 223 தடவ ஸ்ட்ரைக்அவுட்டும் ஆனாரு. டோனி க்வின் 20 சீசன் ஆடி மொத்தமாவே 434 தடவதான் ஸ்ட்ரைக்அவுட் ஆனாரு, 3141 ஹிட், 8 தடவ பேட்டிங் பட்டம் (லீக்லயே அந்த சீசன்ல பேட்டிங் சராசரி அதிகமா வச்சவருக்குக் கெடைக்கிறது). ரெனால்ட்ஸ் ஒரு வருசத்துல ஆனது க்வின் ஆயுசுக்கும் ஆனதுல பாதிக்கு மேல.

அங்க ஏன் அத ஏத்துக்கிறாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு. பிட்சருங்க மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல போடுறாங்க, வரிசையா மூணு நாலு ஹிட் எடுக்கிறது கஷ்டம், அதனால ஒரே அடில ரன்ன எடுத்துரலாம்னு கணக்கு. அதோட ஃபீல்டர்கள் நூறு வாய்ப்பு வந்தா 98க்கு மேல சரியா முடிச்சுருவாங்க, அப்ப தரையோட தட்டி விட்டு அவுட் ஆகுறதும் சுத்தி மிஸ் பண்ணி அவுட் ஆகுறதும் ஏறக்குறைய ஒன்னுதான்னு ஆயிருது.

இந்தக் கணக்கு நம்ம கிரவுண்டுக்கு ஆகாது. நம்ம பக்கம் செம்மண் பொட்டல், சரளக்கல்லு, நடுவுல மாட்டுக் குளம்பு பதிஞ்சு காஞ்ச பள்ளம், பந்து எந்தப் பக்கம் எகிறும்னு செகண்ட் பேஸுக்கும் தர்ட் பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப்புக்கும் தெரியாது. தரைல ஒரு பந்த உருட்டி விட்டா ஒருத்தன் குனிஞ்சு எடுக்கணும், நேரா எறியணும், அடிச்சவன் ஓடி வர்றதுக்குள்ள ஃபர்ஸ்ட் பேஸ்ல, அதாவது அவன் சேர வேண்டிய மொத எடத்துல, நிக்கிறவன் பிடிக்கணும், இந்த மூணும் ஒழுங்கா நடக்குறது பிள்ளைக மேட்ச்ல பாதி நேரம் கெடையாது. சுத்தி மிஸ் பண்ணுனா கேட்சர் மட்டும் பிடிச்சாப் போதும், சோலி முடிஞ்சிருச்சு. இன்னொன்னு, நம்ம கிரவுண்டுல வேலி எங்க இருக்கு? வேலி இல்லாத எடத்துல உயரத் தூக்குன பந்து ஹோம் ரன் ஆகாது, பின்னாடி தள்ளி நிக்கிறவனுக்கு கேட்ச்சாத்தான் ஆகும்.

போன வருசம் ஒரு மேட்ச்ல எங்க பய ஒருத்தன், நல்ல உடம்பு, மூணு தடவ ஆட வந்து மூணு தடவையும் ஸ்ட்ரைக்அவுட். அவனுக்கு அடுத்து வந்த கண்டனூர்ப் பையன் பூஞ்ச உடம்பு, நாலு தடவையும் தரையோட தட்டி விட்டான், ஒரு பந்து கூட இன்ஃபீல்டத் (பேஸுகளச் சுத்தி இருக்குற உள்பக்கம்) தாண்டல, ஆனா மூணு தடவ ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்னான். அன்னைக்கு ராத்திரிதான் சொல்லிக்குடுக்குற மொறையவே மாத்தணும்னு முடிவெடுத்தேன்.

சரி, எப்படின்னு பாப்போம்.

பேட்டு பிடி. கடைசிக் குமிழ ஒட்டிப் பிடிக்காதீங்க, ஒன்னுலருந்து ஒன்றரை இஞ்ச் மேல ஏத்திப் பிடிங்க. பேட்டு லேசா இருக்குற மாதிரி ஆயிரும், கை சொன்னபடி கேக்கும். பலம் கொறஞ்சுருமோன்னு பிள்ளைக பயப்படுதுக, அவங்களுக்கு நான் சொல்றது ஒன்னுதான், பேரி பாண்ட்ஸ் பேட்ட மேல ஏத்திப் பிடிச்சுத்தான் 762 ஹோம் ரன் அடிச்சாரு, மேஜர் லீக்ல இன்னைக்கு வரைக்கும் அதான் அதிகம். உள்ளங்கைல அமுக்கிப் பிடிக்காம வெரல்ல பிடிங்க, மணிக்கட்டு லூசா இருக்கணும், தோள்பட்ட எறுகுனா கை லேட்டாயிரும். கடைல பேட்டு வாங்கும்போதும் அண்ணன் பேட்டு பெருசு எனக்கும் அதே வேணும்னு கேக்காதீங்க, ஒரு கையால நேரா நீட்டி அர நிமிசம் ஆடாமப் பிடிக்க முடியிற வெயிட்டா எடுங்க. க்வின் மேஜர் லீக் அளவுக்கு ரொம்பச் சின்ன பேட்டுதான் வச்சிருந்தாரு.

நிக்கிறது. கால ரெண்டையும் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூட விரிச்சு, முட்டி லேசா மடங்கி, வெயிட்டு பின்காலுல. கிரிக்கெட்ல பந்து தரைல குத்தி வரும், கண்ணு கீழயே இருக்கும், இங்க பந்து குத்தாம நேரா வருது, அதனால மொகத்த நல்லா திருப்பி ரெண்டு கண்ணும் பிட்சரப் பாக்குற மாதிரி நில்லுங்க. ஒத்தக் கண்ணுல பாத்தா பந்து எவ்ளோ தூரத்துல வருதுன்னு தெரியாது. முன்கால எடுத்து வைக்கிறப்ப சின்ன அடியா, முட்டைய மிதிக்காத மாதிரி வைங்க, பெரிய எட்டு வச்சா தல கீழ எறங்கும், தல எறங்குனா பந்து மேல போன மாதிரி தெரியும், அப்புறம் பந்துக்கு அடில சுத்திட்டு ஏன் படலைன்னு கேட்டா நான் என்ன சொல்ல.

சுத்துறது. இங்கதான் கிரிக்கெட் கை ரொம்பப் படுத்தும். கிரிக்கெட் பேட்டு தட்டையா அகலமா இருக்கு, எங்க பட்டாலும் ஏதோ ஒரு பக்கம் போகும். இது உருண்டக் கட்டை, ரொம்ப தடிப்பான எடமே 2.61 இஞ்சுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. பந்தோட நடுவுக்குக் கொஞ்சம் கீழ பேட்டு பட்டா வானம், கொஞ்சம் மேல பட்டா தரை, நடுவுல பட்டாத்தான் நேரா பாயும். பிட்சர் மேட்டுல நின்னு போடுற பந்து லேசா கீழ எறங்கித்தான் வருது, அதனால கோடாலியால வெறகு வெட்டுற மாதிரி மேலருந்து கீழ வெட்டுனா பந்தும் பேட்டும் ஒரே ஒரு புள்ளிலதான் சந்திக்கும், கொஞ்சம் முந்துனாலும் போச்சு பிந்துனாலும் போச்சு. பந்து வர்ற தடத்துலயே பேட்ட எறக்கி, அதே தடத்துல கொஞ்ச தூரம் கூடவே கொண்டு போங்க, அப்ப நேரம் கொஞ்சம் தப்புனாக் கூட எங்கயாவது படும். கைய ஒடம்பு பக்கத்துல வச்சுக்கிட்டு கொண்டு வாங்க, அகலமாச் சுத்தி வந்தா லேட்டு.

எந்தப் பந்த அடிக்கணும்ங்குறதும் இதுல சேத்திதான். பட வைக்கணும்னா எல்லாத்துக்கும் பேட்ட வீசணும்னு அர்த்தம் இல்ல. அடிக்கிறவன் பக்கத்துல தரைல பதிச்சிருக்குற ப்ளேட்டு அகலம் 17 இஞ்ச், உயரம் முட்டிலருந்து நெஞ்சுக்குக் கீழ வரைக்கும், அதுக்கு வெளிய போறத விட்டுருங்க, நாலு பந்து அப்படிப் போனா சும்மாவே ஃபர்ஸ்ட் பேஸ் கெடைக்கும். மணிக்கு 145 கிலோமீட்டர்ல வர்ற பந்து 0.4 செகண்டுல வந்து சேந்துரும், நம்ம பக்கத்து பிட்சருங்க அவ்ளோ வேகம் இல்ல, நமக்கு யோசிக்க அத விட நேரம் இருக்கு, அந்த நேரத்த வீணாக்காதீங்க. ஒடம்ப ஒட்டி வர்ற பந்த கொஞ்சம் முன்னாடியே சந்திங்க, தள்ளி வர்ற பந்த உள்ள வர விட்டு, அது போற பக்கமே தட்டி விடுங்க. வலது கைக்காரன் தள்ளி வர்ற பந்த இழுத்து லெஃப்ட் பக்கம் அடிக்கப் பாத்தா ஷார்ட்ஸ்டாப்புக்கு உருண்டு போகும், ரைட் பக்கம் தட்டுனா ஃபர்ஸ்ட் பேஸ்காரனுக்கும் செகண்ட் பேஸ்காரனுக்கும் நடுவுல சந்து இருக்கு. 2023லருந்து மேஜர் லீக்ல செகண்ட் பேஸுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ஃபீல்டர் நிக்கணும்னு விதி கொண்டு வந்தாங்க, அதனால சந்து பாத்து அடிக்கிறவங்களுக்கு அங்கயும் வழி தெறந்திருக்கு. லூயிஸ் அராயெஸ் மூணு வருசம் வரிசையா மூணு வேற வேற டீம்ல பேட்டிங் பட்டம் வாங்குனாரு, 2022 மினசோட்டா, 2023 மயாமி, 2024 சான் டியாகோ. 2024ல 650 தடவைக்கு மேல ஆட வந்து 29 தடவதான் ஸ்ட்ரைக்அவுட். ஹோம் ரன் அந்த வருசம் வெறும் 4.

ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்துருச்சுன்னா பேட்ட இன்னும் அர இஞ்ச் மேல ஏத்துங்க, ப்ளேட்டுக்கு கொஞ்சம் கிட்ட வாங்க, சந்தேகமான பந்தக் கூட ஃபவுலா தட்டி விடுங்க. ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் ஃபவுல் ஆனா அவுட் இல்ல, எத்தன வேணா தட்டலாம், பிட்சர் கை அசந்துரும். ஆனா அப்ப பேட்டச் சுத்தாம நீட்டி பந்த மெதுவாத் தட்டுற பண்ட் வைக்கப் போயி ஃபவுல் ஆனா அது அவுட்டு, இத மறந்து போயி போன தடவ ஒரு தங்கச்சி அழுதுருச்சு.

பட்ட அடுத்த நொடி ஓடணும். பந்து எங்க போகுதுன்னு நின்னு ரசிக்கிறது, ரன்னு ஓடுற மாதிரி பேட்டையும் தூக்கிக்கிட்டு ஓடுறது, ரெண்டும் கிரிக்கெட் பழக்கம். பேட்ட கீழ போட்டுட்டு, வீசி எறியாம போட்டுட்டு, ஃபர்ஸ்ட் பேஸ மிதிச்சு தாண்டி நேரா ஓடுங்க, அங்க நிக்கணும்னு அவசியம் இல்ல.

அவுட்டானாலும் பட வச்சா என்ன லாபம்னு கேப்பீங்க. எங்க பய ஒருத்தனும் கேட்டான், “அண்ணே, அவன் அவுட்டுதானே, எதுக்குக் கைதட்டுறீங்க”ன்னு. 2015 வேர்ல்டு சீரிஸ் (மேஜர் லீக் ஃபைனல்) அஞ்சாவது மேட்ச் கதையத்தான் அவனுக்குப் பதிலாச் சொன்னேன். கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், அந்த வருசம் மேஜர் லீக்லயே கம்மியா ஸ்ட்ரைக்அவுட் ஆன டீம், நியூயார்க் மெட்ஸ்கிட்ட ஒன்பதாவது இன்னிங்ஸ்ல பின்தங்கி நிக்கிறாங்க. எரிக் ஹாஸ்மர் ஒரு டபுள் அடிச்சு ஒரு ரன்னக் கொண்டு வந்துட்டு செகண்ட் பேஸ்ல நிக்கிறாரு, ஸ்கோரு 2க்கு 1. அடுத்து வந்தவரு தரைல தட்டி அவுட், ஆனா ஹாஸ்மர் மூணாவது பேஸுக்கு வந்துட்டாரு. அதுக்கு அடுத்து சால்வடார் பெரெஸ் மெதுவா தரைல ஒன்னு தட்டுனாரு, அதுவும் அவுட்டுதான், தர்ட் பேஸ் காக்குற மெட்ஸ்காரரு பந்த ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிஞ்ச நொடில ஹாஸ்மர் ரன் எடுக்குற ஹோமுக்கு ஓடிட்டாரு, அங்கருந்து திரும்ப வந்த எறி தப்பாப் போச்சு, ஸ்கோர் சமம். அப்புறம் 12வது இன்னிங்ஸ்ல அஞ்சு ரன் எடுத்து 7க்கு 2ன்னு ஜெயிச்சு பட்டத்தையே தூக்கிட்டாங்க. ரெண்டு அவுட்டு சேந்து ஒரு ரன்னு. அந்த ரெண்டு பேரும் ஸ்ட்ரைக்அவுட் ஆயிருந்தா ஹாஸ்மர் செகண்ட் பேஸ்லயே நின்னுருப்பாரு.

ஒரு கொற இருக்கு, மறைக்க மாட்டேன். ஃபர்ஸ்ட் பேஸ்ல ஆள் நிக்கும்போது நேரா ஷார்ட்ஸ்டாப் கைக்கு உருட்டி விட்டா ஒரே பந்துல ரெண்டு அவுட்டு போகும். அப்ப ரைட் பக்கம் தட்டப் பாருங்க.

பழகுறதுக்கு காசு வேண்டியதில்ல. கிட்டிப்புள் ஆடத் தெரிஞ்ச பிள்ளைக்கு பாதி வேல முடிஞ்சிருச்சு, எகிறுற புள்ள ரெண்டாவது தட்டுல அடிக்கிறதுக்கு வேண்டியது பலமா, கண்ணுதானே. அத விட நல்லது, பிளாஸ்டிக் பாட்டில் மூடி ஒரு அம்பது சேத்து வச்சுக்கங்க, ஒருத்தரு பத்து பன்னெண்டு அடி தள்ளி ஒரு கொசுவலைக்குப் பின்னாடி நின்னு பக்கவாட்டுல வீசட்டும், நீங்க மாப்புக் கட்டையால அடிங்க. மூடி காத்துல வளஞ்சு வளஞ்சு வரும், மெல்லிசான கட்டைல அதப் பட வச்சுட்டா பேஸ்பால் பூசணிக்கா மாதிரி தெரியும். வீட்டு முத்தத்துல வேணாம், ஆச்சி சத்தம் போடுவாங்க, ஆத்தங்குடிக் கல்லுல கட்ட விழுந்தா கீறிரும்.

பந்த மேல வச்சு அடிச்சுப் பழகுற டீங்குற ஸ்டாண்டு வேணும்னா ஒர்க்‌ஷாப்புல பழைய ரேடியேட்டர் ஹோஸ் ஒன்னு கேட்டு வாங்கி, ஊனுன கம்பு மேல மாட்டி, அது மேல பந்த வச்சு அடிங்க, தொட உயரத்துல இருபது, இடுப்பு உயரத்துல இருபது. அடிச்சு முடிச்ச பெறகும் கண்ணு அந்தக் குழா வாய்லயே இருக்கணும். அப்புறம் பழைய பந்துகள்ல செவப்பு, நீலம்னு பெரிய புள்ளி வச்சு, வீசுறப்ப கலரச் சொல்லிட்டு அடிக்கச் சொல்லுங்க, கலரு சொல்ல முடியாதவன் பந்தப் பாக்கலைன்னு அங்கயே தெரிஞ்சிரும். கடைசில எல்லாரையும் ரெண்டு ஸ்ட்ரைக்ல ஆரம்பிக்கிற மாதிரி ஒரு மேட்ச் ஆட விடுங்க. தரைல போனா 1, நேரா பாஞ்சா 2, தூக்கி கேட்ச் ஆனா ஒன்னும் இல்ல, மிஸ் பண்ணுனா ஒன்னு கழிச்சிரணும். எங்க கம்மால இந்த ஆட்டம் வந்த பெறகு முள்ளுக்குள்ள பந்து தேடுற வேலையே கொறஞ்சிருச்சு.

தூக்கி அடிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. ஏரன் ஜட்ஜ் 2025ல 53 ஹோம் ரன்னும் அடிச்சு .331ங்குற சராசரில பேட்டிங் பட்டமும் வாங்குனாரு, ரெண்டும் ஒரே ஆளுக்கு வரும், ஆனா அவரு ஆறடி ஏழு இஞ்ச். நம்ம பிள்ளைக மொதல்ல பட வைக்கட்டும், ஒடம்பு வளர வளர அதே ஸ்விங்ல தூரம் தன்னால வரும்.

மொத ரெண்டு வாரம் நோட்டுல ரன்ன எழுதாதீங்க, யாரு எத்தன தடவ சுத்தி மிஸ் பண்ணுனாங்கன்னு மட்டும் பேருக்கு நேரா கோடு போடுங்க. மூணாவது வாரத்துல யாருக்குக் கோடு பாதியாக் கொறஞ்சிருக்கோ அந்தப் பிள்ளைய மட்டும் பேட்ட அர இஞ்ச் கீழ எறக்கிப் பிடிக்கச் சொல்லுங்க.