18 வினாடிப் பிசகு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். ஒரு சிறிய சாட்டிலைட்டின் தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் என் பொறுப்பு. புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து ஒரு தொல்லை. சாட்டிலைட் தலைக்கு மேல் வரும்போது சிக்னல் அறுந்துவிடும்; அடிவானம் பக்கம் இறங்கும்போது மங்கலாகத் திரும்பி வரும்.

"டிஷ் மோட்டார்தான் மக்கர் பண்ணுது தம்பி" என்றார் ஆண்டெனா பார்க்கும் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. பத்து நாள் பதிவுகளை எடுத்து, கணித்த நேரத்தையும் சிக்னல் வந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் 18 வினாடி முந்தி வந்திருந்தது. மோட்டார் பழுதென்றால் பிசகு இப்படி ஒரே அளவாக இருக்காது.

18 என்றதுமே பிடிபட்டது. ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-இல் யுடிசியோடு, அதாவது உலகப் பொது நேரத்தோடு, ஒன்றாகத் தொடங்கியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் அவ்வப்போது லீப் வினாடி என்று ஒரு வினாடியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், ஜிபிஎஸ்ஸில் சேர்க்கவில்லை. 2017 முதல் இடைவெளி 18 வினாடி. சாட்டிலைட் தன் இருப்பிடத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு அனுப்ப, என் நிரல் அதை யுடிசி என்று படித்திருக்கிறது. வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிற பொருள். 18 வினாடிக்குள் 135 கிலோமீட்டர் போய்விடும்! டிஷ் வேறு இடத்தைப் பார்த்திருக்கிறது; சாட்டிலைட் தலைக்கு மேல் கிட்டே வரும்போதுதான் அந்தப் பிசகு பெரிதாகும்.

தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே நேரத்தை மாற்றினேன். 18 என்று நிரலுக்குள் எழுதவில்லை, லீப் வினாடி அட்டவணையைத் தனிக் கோப்பாக வைத்தேன். அப்புறம் பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன், கணக்கு பொருந்தியது.

மறுநாள் விடியற்காலை சாட்டிலைட் கடந்துபோன பத்து நிமிடமும் சிக்னல் அறவில்லை. அண்ணன் போனில் சொன்னார்: "முழுசா வந்துடுச்சு தம்பி."