பழைய ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்: பார்த்து வாங்கி, அளவாகத் தேற்றுவது எப்படி?

கோல்ஃப் ஜிடிஐ, ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஃபியஸ்டா எஸ்டி மாதிரி வண்டிகளை யாரும் மெதுவாக ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. அதனால் மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்பதைவிட, முன்னால் வைத்திருந்தவர் எப்படிப் பராமரித்தார் என்பதுதான் முக்கியம். கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது வாங்கிய பிறகு வரும் செலவுக்கு எடுத்துவையுங்கள்.

படி 1: கை வைக்காத வண்டியைத் தேடுங்கள்

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிதான் நல்லது. பெரிய சைலன்சர், தாழ்த்திய ஸ்பிரிங், யார் செய்தார்கள் என்றே தெரியாத ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றுவது) எல்லாம் இருந்தால், விலை குறைவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

படி 2: இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில்தான் கடகடக்கும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் பாகம்) உள்ள வண்டியில் அதுவும் தேய்ந்திருக்கலாம்.

அப்புறம் டயர். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முன் டயரின் உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் போயிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ வளைந்திருக்கிறது. பக்கவாட்டில் 2319 போல நான்கு இலக்கம் இருக்கும். 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நான்கு டயரும் நான்கு மலிவான கம்பெனி என்றால், ஆயில் மாற்றுவதிலும் அதே கஞ்சத்தனம் இருந்திருக்கும்.

படி 3: ஓட்டிப் பாருங்கள்

நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது கரகரப்பு கூடாது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடிக்கும்போது டக் டக் சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது.

ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) ஒன்றும் கொண்டுபோங்கள். பிழைக் குறியீடு எதுவும் காட்டவில்லை என்று உடனே நம்பிவிட வேண்டாம். "ரெடினஸ்" பகுதியில், கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் பல சோதனைகள் முடியவில்லை என்று வந்தால், அண்மையில்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அப்படிக் காட்டும்.

ஆவணங்கள், சர்வீஸ் ரசீதுகள், கடன் பாக்கி எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, ஒரு மெக்கானிக்கிடமும் காட்டி முடியுங்கள்.

படி 4: முதலில் பழுது, பிறகு மேம்பாடு

ஆயில், கூலண்ட், ஃபில்டர், பிளக் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில், அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேம்பாட்டில் என் வரிசை: நல்ல டயர், பிரேக், அதன் பிறகே மற்றவை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155தான். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடாகி, ஆயில் கொதித்து, பெடல் திடீரென்று உள்ளே போவதற்கு இது ஒரு காரணம். ஆயிலைப் புதிதாக்கி, கொஞ்சம் தரமான பேட் போட்டால் போதும். பெரிய டிஸ்க் தேவையில்லை. டாட் 5 வேறு வகை, சிலிக்கான், அதைக் கலந்துவிடாதீர்கள்.

அடுத்து, தேய்ந்த ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி அலைன்மெண்ட் பாருங்கள். வண்டி புதிதாக மாறியதுபோல வளைவில் திரும்பும். பழைய ஷாக் அப்சார்பரோடு தாழ்வான ஸ்பிரிங் போட்டால் குதிக்கத்தான் செய்யும்.

ரீமேப் கடைசி. டர்போ இல்லாத இன்ஜினில் அதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. டர்போ வண்டியில் நன்றாகவே வித்தியாசம் தெரியும், ஆனால் கிளட்ச் அதைத் தாங்க வேண்டும். செய்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம்.