‘மிஸ்’ என்றால் தவறவிடுவது மட்டுமா?

திருகோணமலையில் நிலாவெளி பஸ் கண்முன்னே போய்விட்டது. ‘பஸ் மிஸ் ஆயிட்டுது’ என்ற நினைப்பில் ‘த பஸ் இஸ் மிஸ்ஸிங்’ என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பொருள் பஸ்ஸையே காணவில்லை; பொலிசுக்குத்தான் போகவேண்டும்! தவறவிட்டவர் நாம், ஆகவே வசனமும் நம்மில் தொடங்கவேண்டும்: ‘ஐ மிஸ்ட் த பஸ்’.

‘மிஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஆளோ ஊரோ வந்தால் பெரும்பாலும் அது ஏக்கம். கொழும்பில் இருந்துகொண்டு ‘ஐ மிஸ் ட்ரிங்கோ’ (ட்ரிங்கோ என்பது திருகோணமலைதான்) என்றால் ஊர் நினைவு வாட்டுகிறது. ‘மிஸ்ட்’ என்று மாற்றினால் ஏக்கம் பழைய கதையாகிவிடும். கடலில் நீந்த ஏங்கினால் ‘ஐ மிஸ் ஸ்விம்மிங்’. ‘டு ஸ்விம்’ பிழை.

வகுப்புக்குப் போகாததும் ‘மிஸ்ட் த கிளாஸ்’தான். ரீச்சரைக் கூப்பிடும் ‘மிஸ்’ வேறு சொல். எழுத்தும் உச்சரிப்பும் மட்டுமே ஒன்று.